யாரும் சொல்லாத எட்டுக் குடம்

அத்தியாயம் 14

சக்திகுமாரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேனாம். கோபித்துக்கொண்டு நாலு பேர் கார்டு போட்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள் இரண்டே வரியில், "அந்தப் பையன் வாயைத் திறப்பானா மாட்டானா, அதை மட்டும் சொல்லும்" என்று கேட்டிருக்கிறார். அம்மா, திறந்தான். திறந்து பொய் சொன்னான். அதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. பாண்டிச்செல்விக்கு இருபத்தாறு வயசு. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயிலும் சுருக்கம். எண்பத்து நாலாம் வருஷம், ஆறு வயசில், மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. தூக்கிக்கொண்டு அலைந்ததெல்லாம் அண்ணன் வெயிலுமுத்துதான். விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கச்சியைக் கோவில்பட்டியில் சக்திகுமாருக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் சூப்பர்வைசர் வேலை. வெயிலுமுத்து எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷன் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, வெத்திலை மாற்றுகிற அன்று சபையில் ஒரு வாக்கு கேட்டார். பையனின் அம்மா சந்தனமாரி எழுந்து நின்று, "எம் மருமவள ஒரு கொடம் தண்ணி தூக்க விடமாட்டேன்" என்றாள். வீட்டுக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில் இதைவிடப் பெரிய வாக்கு என்ன இருக்கிறது?

அந்த வாக்கு ஒன்றரை வருஷம் நின்றது. அப்புறம் சந்தனமாரி அடிபம்புப் பாசியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். சக்திகுமார் ஏழு மணிக்கே ஆபீஸுக்குப் போகிறவன். வீட்டில் பானை காய்ந்து கிடந்தது. மருமகள் ஒரு நாள் ஒரே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அடுத்த வாரம் இரண்டு. இப்போது தள்ளுவண்டியில் எட்டுக் குடம், தினமும் இரண்டு நடை, அரை மைல் தூரம்.

தெருவுக்கே தெரியும். வெயிலுமுத்துவுக்கு மட்டும் தெரியாது. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும்.

இப்போது விஷயம் குழந்தை. மூன்று வருஷமாக ஜாக்கிரதையாக இருந்தாயிற்று. பாண்டிச்செல்விக்குப் பிள்ளை வேண்டும். பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா, இருதய டாக்டர் எழுதிக் கொடுக்காமல் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

மதுரையிலிருந்து மாசம் இரண்டு ஞாயிறு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிற இருதய டாக்டர் இராமச்சந்திரன் அதிகம் பேசாதவர். இரண்டு மணி ஆனால் கார் ஏறிவிடுவார். பாண்டிச்செல்வியைப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். புருஷனும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"எக்கோ பார்த்தேன். பழைய தையல் நல்லா இருக்கு. ஒரு வால்வு கொஞ்சம் ஒழுகுது, அது பெரிய விஷயம் இல்லை" என்றார் டாக்டர். "ஆனா படுத்திருக்கும்போது இருதயத்தைப் பார்த்துட்டு மட்டும் சொல்லிட முடியாது. குழந்தை வயித்துல இருந்தா அது ஒன்றரை மடங்கு உழைக்கணும். உழைக்குமான்னு நடக்கவிட்டுத்தான் பார்க்கணும். வீட்ல என்னம்மா வேலை பார்ப்பீங்க? மூச்சு வாங்குதா?"

கேட்டது அவளை. பதில் சொன்னது அண்ணன்.

"படியே ஏற விடுதது இல்ல சார். எங்க வீட்டுல இருந்தவரைக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுலயும் அப்படித்தான்." சொல்லிவிட்டு, என்ன மாப்பிள்ளை என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார்.

சக்திகுமார் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பயந்தவன் எங்கே சும்மா இருக்கிறான்?

"ஆமா சார். ராணி மாதிரி வச்சிருக்கோம். ஒரு செம்புத் தண்ணிகூட அவளா மோந்து குடிக்க வேண்டியது இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். பாண்டிச்செல்வி உள்ளங்கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். வண்டிக் கைப்பிடி பிடித்துப் பிடித்து இரண்டு கையிலும் காய்ப்பு.

பக்கத்து அறையில் ட்ரெட்மில். சத்யபிரியா என்கிற டெக்னீஷியன் பெண் நெஞ்சில் வயர்களை ஒட்டி, மேலே ஒரு கவுனைப் போட்டுவிட்டாள். டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆண்கள் திரைக்கு வெளியே. வெயிலுமுத்து மட்டும் திரையை ஒட்டி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேடும் ஏறும், வேகமும் ஏறும் அக்கா. முடியலைன்னா சொல்லுங்க, நிறுத்திருவேன்" என்றாள் சத்யபிரியா.

முதல் மூன்று நிமிஷம் சும்மா கடைத்தெருவுக்குப் போகிற நடைதான். அப்புறம் பெல்ட் தலையைத் தூக்கியது. பாண்டிச்செல்விக்கு மூச்சு சத்தமாக வந்தது. எட்டுக் குடம் தள்ளும்போது இதைவிடச் சத்தமாக வரும். அது அவளுக்குத் தெரியும். திரைக்கு வெளியே நின்ற மனுசருக்குத் தெரியாதே.

"ஏட்டி செல்வி! என்னட்டி இப்படி இளைக்குது? யம்மா, நிறுத்துங்கம்மா! போதும், நிறுத்துங்க!"

அந்தக் குரலுக்கு அவள் இருபத்தைந்து வருஷமாக நின்று பழகியவள். வீட்டில் கொஞ்சம் வேகமாக நடந்தால் அந்தக் குரல் வரும். உடனே உட்கார்ந்துவிட வேண்டும். காலுக்கே அது பழகிப்போயிருந்தது. கையைத் தூக்கிவிட்டாள். "இன்னும் கொஞ்சம் போகலாமேம்மா" என்று டாக்டர் சொன்னது காதில் விழுவதற்குள் பெல்ட் நின்றுவிட்டது.

நாலு நிமிஷம், பத்து செகண்ட்.

டாக்டர் தாளை மேஜையில் விரித்தார்.

"துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறலை. இருதயத்தால முடியாம நின்னாங்களா, பயந்து நின்னாங்களான்னு இந்தத் தாள் சொல்லாது. ஆனா ஒரு செம்புத் தண்ணிகூட எடுக்கிறதில்லைன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப நான் என்ன நினைக்கிறது? இந்த நிலைமையில குழந்தை வேண்டாம்னுதான் எழுதணும்."

வெயிலுமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "அது போதும் சார். உசுரோட இருந்தாப் போதும்." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. பத்தடி நடந்தால் உதடெல்லாம் நீலம் பாரித்துக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிற குழந்தையைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அந்த நீலம் அவர் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

சக்திகுமார் தரையைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் வெயிலுமுத்து, "பிள்ளைக்கு நாக்கு வறண்டிருக்கும், சோடா வாங்கியாரேன்" என்று கடைக்குப் போனார். வராண்டாவில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"என்னத்த?"

"எட்டுக் கொடத்த."

"எப்படிச் சொல்ல? இப்பத்தான ராணி மாதிரின்னு சொன்னேன்."

"அத யாரு சொல்லச் சொன்னா? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான? செம்புத் தண்ணியாம்!"

"ஏட்டி, உங்கண்ணன் காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? சபையில வச்சு எங்கம்மா கொடுத்த வாக்கு. அவிய உன்னக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாவ. என்னால தடுக்க முடியுமா? என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தடுக்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. வெயிலுமுத்து அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

"அப்ப எனக்குப் பிள்ள?"

சக்திகுமார் சோடாக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கேன். அண்ணனுக்கு நான் உசுரோட இருந்தாப் போதும். உங்களுக்கு மானம் போகாம இருந்தாப் போதும். எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டீயளா?"

"எனக்கு மட்டும் ஆச இல்லையாட்டி?" என்றான் சக்திகுமார். "நீ போயிட்டா நான் என்ன செய்வேன்? அதான் பயமா இருக்கு."

அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எழுந்து, டாக்டர் அறைக் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவன் பின்னாலேயே ஓடினான்.

"சார், இவிய சொன்னது பொய்யி."

டாக்டர் நிமிர்ந்தார்.

"நான் தெனமும் தண்ணி எடுக்கேன் சார். தள்ளுவண்டியில எட்டுக் கொடம். காலையில ரெண்டு நட. பம்புல நாந்தான் அடிப்பேன், நாந்தான் தூக்கி வைப்பேன். அரை மைலு. வரும்போது ஏத்தம்."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருசமா."

"ஏத்தத்துல எங்கேயாவது நிப்பீங்களா?"

"மொதல்ல ஒரு கொடத்துக்கே நாலு எடத்துல நிப்பேன் சார். இப்ப பிள்ளையார் கோயில்கிட்ட ஒரு தடவதான். அதுவும் அங்கன ஒரு அக்கா இருக்கும், அதுகூடப் பேசுததுக்கு."

"மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, கால் வீக்கம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

டாக்டர் அவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காய்ப்பைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சக்திகுமாரைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"ஒரு மணி நேரம் ரெஸ்ட் எடுங்க. திரும்ப நடக்கலாம். சொந்தக்காரங்க யாரும் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது."

கதவு திறந்தே கிடந்தது. வாசலில் சோடா பாட்டிலோடு வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தார். எந்தப் பேச்சிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. எட்டுக் குடம் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

பாண்டிச்செல்வியைக் கட்டிலில் சாய்ந்திருக்கச் சொல்லி சத்யபிரியா கூட்டிப்போனாள். மச்சானும் மாப்பிள்ளையும் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"எங்கிட்டச் சொன்ன வார்த்த என்ன மாப்பிள்ளை?"

"அம்மாவுக்கு முட்டி போனதுல மச்சான்..."

"எனக்கு ஆள் அனுப்பியிருந்தா, நானே வந்து உங்க வீட்டுக்குத் தண்ணி எடுத்துப் போட்டிருப்பேனே! வெக்கப்பட்டிருப்பேனா? காட்டுல வெள்ளாமைய விட்டுட்டு வந்திருப்பேனா மாட்டேனா?"

வந்திருப்பார். அதிலும் சந்தேகமில்லை.

"அவளாத்தான் கெளம்புனா மச்சான். வேண்டாம்னேன், கேக்கல."

"கேக்கலையாம்! நெஞ்ச அறுத்துத் தச்ச பிள்ள, எட்டுக் கொடத்தத் தள்ளுதா. இவரு சொல்லிப் பாத்தாராம், அவ கேக்கலையாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து உங்க வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போனேனே, அந்தத் தண்ணி யாரு கொண்டுவந்த தண்ணி?"

அவர் கையிலிருந்த சோடா பாட்டிலை மரத்தடியில் வைத்தார்.

"டாக்டர் என்னமும் சொல்லட்டும்" என்றார் வெயிலுமுத்து. "சாயங்காலப் பஸ்ஸுக்கு எந்தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க தடுக்கப்படாது."

"சரி மச்சான்" என்றான் அவன். அழுதுவிடுவான் போலிருந்தது.

உள்ளே ஒரு மணிக்குத் திரும்ப வயர் ஒட்டினார்கள். பாண்டிச்செல்வி இந்தத் தடவை சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அக்கா, கம்பியை இறுக்கிப் பிடிக்காதீங்க, சும்மா தொட்டுக்கங்க" என்றாள் சத்யபிரியா.

மூன்று நிமிஷம். மேடு ஏறியது. ஆறு நிமிஷம். மறுபடியும் ஏறியது. இப்போது ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது. மூச்சு அடுப்பு ஊதுகிற மாதிரி வந்தது. முதுகில் வேர்வை ஓடியது. யாரும் கூப்பிடவில்லை. நிற்கச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் ஒரு அறைக்குள் இப்படி இளைத்தது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

"நெஞ்சு வலிக்குதாம்மா?"

"இல்ல சார்."

"தலை சுத்துதா?"

"இல்ல சார். கெண்டைக்கால்தான் வலிக்கி."

எட்டரை நிமிஷம் தாண்டியதும், "போதும் சார், இனிமே முடியாது" என்றாள். அவளாகச் சொன்னாள். எட்டு நிமிஷம் நாற்பது செகண்ட் என்று தாளில் வந்தது.

மூன்று பேரையும் டாக்டர் உட்காரவைத்தார். கார் வெளியே வந்து நின்றது. அவர் அவசரப்படவில்லை.

"நல்லா செஞ்சிருக்காங்க. துடிப்பு ஏறுது, பிரஷர் ஏறுது, எங்கேயும் தடுமாறலை. இந்த ஆபரேஷன் செஞ்சவங்கள்ல இது நல்ல அளவு. குழந்தை பெத்துக்கலாம்னு எழுதித் தர்றேன். மாசாமாசம் மதுரைக்கு வரணும். பிரசவமும் அங்கேதான். பம்பு அடிக்கிறது, குடம் தூக்கி வைக்கிறது, எட்டுக் குடம் தள்ளுறது, எல்லாம் இன்னையோட சரி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாரம் தள்ளக்கூடாது. ஆனா நடக்கிறதை விடக்கூடாது. தினம் அரை மணி நேரம், கை வீசி."

பாண்டிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சக்திகுமாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தான்.

டாக்டர் எழுதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். "ஒன்றரை வருஷ நடைதான் இவங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கு. சின்னதுலேர்ந்தே நடக்கவிட்டிருந்தா இதைவிட நல்லா இருந்திருப்பாங்க. பாவம், உட்காரவச்சே வளர்த்திருக்காங்க."

வளர்த்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

வெயிலுமுத்து மெதுவாகக் கேட்டார். "ஆபரேசன் முடிஞ்ச பெறவு நடந்திருக்கலாமா சார்?"

"தாராளமா. மூணு மாசம் கழிச்சு ஓடி விளையாடியே இருக்கலாம்."

"பள்ளிக்கூடம் ரெண்டு மைலு சார். காட்டுப் பாதை."

"போயிருக்கலாமே. நல்லதுதான்."

உள்ளூரில் இருந்தது அஞ்சாம் வகுப்புவரைதான். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன் என்று அவள் பதினோரு வயசில் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அண்ணன் சம்மதிக்கவில்லை. ரெண்டு மைல் நடந்தால் செத்துப்போவாய் என்றார். அதோடு படிப்பு நின்றது.

வெளியே வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனார்கள், ஒருத்தரும் ஆட்டோ கூப்பிடவில்லை. விளாத்திகுளம் பஸ் நின்றுகொண்டிருந்தது.

வெயிலுமுத்து மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். சக்திகுமார் அடி வாங்கத் தயாராக நின்றான்.

"சபையில கொடுத்த வாக்க மீறிட்டீய மாப்பிள்ளை. அதுக்கு உங்கள அடிக்கணுமா, இல்ல கும்பிடணுமான்னு எனக்குத் தெரியல."

அப்புறம் தங்கச்சியைப் பார்த்தார். "தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி."

"தெரியும்ணே. வேணும்னேவா செய்வீய?" என்றாள் பாண்டிச்செல்வி. அப்புறம், "மெட்ராஸ் டாக்டர் ஓடக்கூடாதுன்னு சொன்னாராண்ணே?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு வராண்டாவில் போய் நின்று யோசித்தார். "பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு சொன்னாரு."

"ஓடக்கூடாதுன்னு?"

"சொல்லல."

"நீங்க கேட்டீயளா?"

"கேக்கல தாயி. பயமா இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். கோபத்தைக் காட்டவில்லை. "ஒரு தடவ கேட்டிருக்கலாம்ணே" என்று மட்டும் சொன்னாள். வெயிலுமுத்து துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு வயசு சம்சாரி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். சக்திகுமார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கண்டக்டர் விளாத்திகுளம் விளாத்திகுளம் என்று கத்தினார். வெயிலுமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தார். ஏறவில்லை.

"நான் இன்னிக்கு ஊருக்குப் போகல. உங்கம்மாவப் பாக்கணும் மாப்பிள்ளை."

"எதுக்கு மச்சான்?"

பாண்டிச்செல்வி குறுக்கே வந்து நின்றாள். "அண்ணே, வீட்டுக்கு வாங்க, நாலு நாள் இருங்க. ஆனா அத்தயோட சண்ட போடுததுக்குன்னா, அந்தா பஸ்ஸு நிக்கி, ஏறிக்கோங்க. நான் உங்ககூட வரல."

இருபத்தாறு வருஷத்தில் அண்ணனிடம் அவள் வரமாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வெயிலுமுத்து அவளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தனமாரி வீட்டுப் பக்கமாக விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். பஸ் கிளம்பிப் போனது. பாண்டிச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடினாள்.